'நம்பர் 7 ஜங்கிள் கார்பைன்' என்று காட்டுகிறார்கள், நம்பலாமா?

இளவேனில் கேட்டது:

வணக்கம். உரிமம் வைத்துக்கொண்டு பழைய ராணுவ ரைஃபிள்கள் சேர்க்கிறவன் நான். பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு ரைஃபிள் என்றால் தனிப் பிரியம். காலமாகிவிட்ட ஒரு பெரியவரின் சேகரிப்பு இப்போது விலைக்கு வந்திருக்கிறது. அதை விற்றுக் கொடுக்கிறவர் எனக்கு இரண்டு குட்டைத் துப்பாக்கிகளைக் காட்டினார்.

முதலாவது நம்பர் 5, அதாவது போர்க்காலத்தில் காட்டுச் சண்டைக்காகக் குட்டையாகச் செய்த, எல்லோருக்கும் தெரிந்த ஜங்கிள் கார்பைன். அதைப் பற்றி அவர் பெரிதாகப் பேசவே இல்லை. இடது பக்கத்து எழுத்தெல்லாம் கிறுக்கி வைத்ததுபோல் இருக்கிறது. போல்ட்டில் (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் பகுதி) ஒரு எண், உடம்பில் வேறொரு எண். பின்கட்டையில் இருக்கிற ரப்பர் இறுகிப்போய் வெடித்திருக்கிறது. "வேண்டுமானால் இதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

பேச்சு முழுக்க இரண்டாவதைப் பற்றித்தான். 'நம்பர் 7 ஜங்கிள் கார்பைன்' என்கிறார். 1945-ல் பர்மா காடுகளில் சண்டையிட்ட கமாண்டோக்களுக்காகச் சோதனை முறையில் செய்ததாம், விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கிறதாம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. குழல் முனையில் தீப்பொறி மறைக்கும் அந்தக் கூம்பு, மினுமினுக்கும் மரம், உலோகம் முழுவதும் ஒரே சீரான கறுப்பு. பின்கட்டை வந்து சேரும் இரும்புப் பட்டையில் ஒரு சிங்க முத்திரை மங்கலாகத் தெரிகிறது. அதன் கீழே எழுத்துகள் தேய்ந்துவிட்டன, 7.62 என்பதை மட்டும் படிக்க முடிந்தது. கேட்டால், "போருக்குப் பிறகு இந்தியாவில் குழல் மாற்றினார்கள்" என்கிறார்.

கூடவே ஒரு கடிதம் தருகிறார். தட்டச்சு செய்தது. ராணுவத்தில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், "இந்த வகைத் துப்பாக்கிகளை நான் என் கையால் பழுது பார்த்திருக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்.

எனக்கு மனசு ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மருதன் பதில்:

கமாண்டோ கதையைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த 7.62, அதாவது மி.மீ. கணக்கில் தோட்டாவின் அளவு. நேட்டோ நாடுகள் அந்தத் தோட்டாவைப் பொதுவாக ஏற்றுக்கொண்டதே 1954-ல்தான். போர்க்காலத்து லீ-என்ஃபீல்டு ராணுவ ரைஃபிள் எல்லாம் .303 அங்குலத் தோட்டாவுக்கானவை. குழலை மட்டும் மாற்றிவிட்டு 7.62 சுடலாம் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அந்தத் தோட்டாவின் அழுத்தம் அதிகம், அதற்கேற்ற இரும்பு வேண்டும், மேகசினும் (தோட்டா அடுக்கும் பெட்டி) மாற வேண்டும்.

சிங்க முத்திரை என்றால் இந்தியா குடியரசான பிறகு வங்காளத்தின் இஷாப்பூர் ரைஃபிள் ஆலையில் அடித்ததாக இருக்கும். மேகசின் அடிப்பக்கம் சரிவாக இருக்கிறதா, பெட்டிபோல் சதுரமாக இருக்கிறதா? அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

---

கம்மியர் பதில்:

இளவேனில் தம்பி, மருதன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். நான் நெடுங்காலம் ஒரு அருங்காட்சியகத்தின் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவன். துடைப்பது, எண்ணெய் போடுவது, பதிவேட்டில் ஏற்றுவது எல்லாம் என் வேலை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் ஏமாந்து போகிறவர்களைப் பார்த்து எனக்கு மனம் நொந்திருக்கிறது.

நம்பர் 7 என்று ஒரு ரைஃபிள் இருந்தது உண்மை. அது .22 பயிற்சித் துப்பாக்கி. 1940-களின் கடைசியில் பிரிட்டிஷ் விமானப் படைக்காக பிஎஸ்ஏ என்ற ஆங்கிலேய நிறுவனம் செய்தது, மொத்தமே சுமார் 2,500. காட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 'நம்பர் 7 ஜங்கிள் கார்பைன்' என்ற பெயரில் வந்தது வேறு சரக்கு. அமெரிக்காவில் கிப்ஸ் ரைஃபிள் கம்பெனி, இஷாப்பூர் 7.62-க்கென்றே செய்த 2ஏ1 ரைஃபிள்களை வாங்கி, குழலைக் குட்டையாக்கி, முனையில் கூம்பு மாட்டி விற்றது. அவர்கள் ஒளிவுமறைவு இல்லாமல் தங்கள் பெயரிலேயே விற்றார்கள், அதில் தப்பு இல்லை. பல கை மாறிய பிறகு யாரோ ஒருவர் அதற்குக் கமாண்டோ கதை கட்டிவிடுகிறார், அங்கேதான் மோசடி ஆரம்பிக்கிறது. இதற்கு முன்பே, 1950-60-களில், கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் கோல்டன் ஸ்டேட் ஆர்ம்ஸ் என்ற நிறுவனம், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்டான நம்பர் 4 ரைஃபிள்களை இதே மாதிரி வெட்டி 'சாண்டா ஃபே ஜங்கிள் கார்பைன்' என்று விற்றிருக்கிறது. உடம்பிலேயே அந்தப் பெயர் அடித்திருப்பார்கள். அந்தப் பெயரை அரம் போட்டுத் தேய்த்துவிட்டு 'அரிய மாதிரி' என்று கொண்டுவந்து காட்டுகிறவர்களும் உண்டு.

சரி, உண்மையிலேயே அரிதான திருத்தங்கள் இல்லையா? இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலை, பழைய நம்பர் 1 ரைஃபிளைக் குட்டையாக்கி எடையைக் குறைத்து, நம்பர் 6 என்று சோதனைக்குச் செய்தது. சுமார் 200-தான், வரிசை எண் எக்ஸ்பி என்ற எழுத்துகளோடு தொடங்கும். கமாண்டோ என்று சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது டி லைல் கார்பைன். லீ-என்ஃபீல்டு உடம்பில் .45 பிஸ்டல் தோட்டாவுக்கான குழலைப் பொருத்தி, சத்தம் அடக்கும் உறையோடு சேர்த்துச் செய்தது. கணக்கில் உள்ளவை 130 வாக்கில்தான், போருக்குப் பின் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டார்கள். இன்று கண்ணில் படுகிற டி லைல்களில் மிகப் பெரும்பாலானவை பின்னால் செய்த நகல்கள்.

ராணுவம் ஒரு துப்பாக்கியைத் திருத்தினால், அந்தத் திருத்தத்துக்கே தனி முத்திரையும் எண்ணும் வரும். குறிசுடுவோருக்கான நம்பர் 4 (டி)-யை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சுடும் ரைஃபிள்களைப் பொறுக்கியெடுத்து, லண்டன் ஹாலண்ட் & ஹாலண்ட் பட்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே தொலைநோக்கி தாங்கும் மேடைகளைப் பொருத்தினார்கள். வேலை முடிந்ததும் இடது பக்கம் 'டி' என்று அடித்தார்கள். கட்டையின் அடியில் 'எஸ்51' என்று அந்தப் பட்டறையின் குறியீடு இருக்கும். ரைஃபிளின் எண் தொலைநோக்கியின் தாங்கியில் இருக்கும், தொலைநோக்கியின் எண் கட்டையின் கழுத்தில், போல்ட்டுக்குப் பின்னால் மேலாக அடித்திருக்கும். ஒன்றை மாற்றினால் இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடும். ரஷ்ய மோசின்-நாகன் குறிசுடும் ரைஃபிளிலும் இதே கதைதான், பலவற்றில் குழலிலேயே தொலைநோக்கியின் எண் இருக்கும். சாதாரண ரைஃபிளில் துளை போட்டுத் தொலைநோக்கி மாட்டி விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது.

உங்கள் இரண்டாவது துப்பாக்கியில் அப்படித் திருத்தத்துக்கான முத்திரை எங்கே? அதை அவரிடம் கேளுங்கள். தேய்ந்துவிட்டது என்று சொன்னால், எந்த இடத்தில் தேய்ந்தது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடிதத்தில் அந்தத் துப்பாக்கியின் வரிசை எண் இருக்கிறதா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இல்லை. எண் இல்லாத கடிதம் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும், நாளைக்கு வேறொன்றோடு சேர்த்து அதையே கொடுக்கலாம். எழுதியவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், சொன்னதும் நிஜமாக இருக்கலாம். ஆனாலும் அது உங்கள் கையில் இருக்கிற இரும்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அடுத்தது, "உலோகம் முழுவதும் ஒரே சீரான கறுப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் உறுத்தியது. படையில் இருந்த துப்பாக்கியில் போல்ட் கைப்பிடியும் மேகசின் விளிம்பும் வெளுத்திருக்கும், கை படாத இடம் கறுப்பாகவே இருக்கும். பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்து எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். சுத்தியலால் அடித்த முத்திரை என்றால், உழுத சாலின் இரு கரையிலும் மண் மேடிடுவதுபோல், எழுத்தைச் சுற்றி இரும்பு மெல்லிசாக மேலெழும்பி நிற்கும். தேய்த்து மெருகு போட்டுப் புதுக் கறுப்பு ஏற்றியிருந்தால் அந்த மேடு மழுங்கிவிடும். எழுத்தின் அடியில் கறுப்பு ஒரு நிறம், சுற்றிலும் இன்னொரு நிறம் என்று இருந்தாலும் கவனியுங்கள். இயந்திரத்தால் பின்னால் வெட்டிய எழுத்தின் அடி தட்டையாக இருக்கும், ஓரம் கூர்மையாக இருக்கும்.

தேய்ந்த எழுத்தைப் படிக்க அதன் மேல் எதையும் உரசாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்து ஒளி அடியுங்கள். வெள்ளைச் சாக்கட்டியை லேசாகப் பூசித் துடைத்தாலும் பள்ளத்தில் நிற்கும்.

இப்போது அந்த முதல் துப்பாக்கி. அவர் அலட்சியமாகத் தள்ளிவிட்டாரே, அதைத்தான் நான் பார்க்க ஆசைப்படுகிறேன். நம்பர் 5 இரண்டு இடங்களில்தான் செய்தார்கள், இங்கிலாந்தின் ஃபசாகர்லி அரசு ஆலை ஒன்று, பிஎஸ்ஏ-வின் ஷெர்லி ஆலை ஒன்று. 1944 முதல் 1947 வரை, ஏறத்தாழ இரண்டரை லட்சம். ஃபசாகர்லியில் எழுத்தை மின்சாரப் பேனாவால் எழுதினார்கள். அதனால் கிறுக்கலாகத்தான் இருக்கும், கோடு நடுங்கியிருக்கும், வரி கோணியிருக்கும். "நம்பர் 5 மார்க் 1 ஆர்ஓஎஃப் (எஃப்)", பிறகு மாதமும் வருடமும். ஆர்ஓஎஃப் (எஃப்) என்றால் ஃபசாகர்லி ராயல் ஆர்ட்னன்ஸ் ஃபாக்டரி. போலி செய்கிறவர்கள் அந்த எழுத்தை அழகாக எழுதிவிடுகிறார்கள்.

அது நம்பர் 4-ஐ வெட்டிச் செய்ததா என்று தெரிந்துகொள்ள மேல்மரத்தைக் கழற்ற வேண்டும். முதலில் மேகசினை எடுத்து, போல்ட்டைத் திறந்து, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்மரத்தை எடுத்தால் குழல் உடம்போடு சேருகிற தடித்த பகுதி தெரியும். நிஜ நம்பர் 5-ல் எடையைக் குறைக்க அந்தத் தடித்த பகுதியைச் சுற்றிக் குழிவாக வெட்டியிருப்பார்கள். உடம்பின் இடது சுவரிலும் இரும்பைக் கடைந்து எடுத்திருப்பார்கள். நம்பர் 4-ல் இதெல்லாம் இருக்காது. வெட்டி விற்கிறவர்கள் மரத்துக்கு அடியில் மறைகிற இடத்துக்காக இவ்வளவு மெனக்கெடுவதில்லை. குறி பார்க்கும் பின் சைட் 800 கஜம் வரை எண்ணிட்டிருக்க வேண்டும், 1300 வரை போனால் அது நம்பர் 4-னுடையது. முனைக் கூம்பைக் குறுக்கு ஊசிகளால் பிடித்திருக்க வேண்டும், நகல் கூம்புகள் பெரும்பாலும் சின்னத் திருகாணியில் நிற்கும். சைட்டையும் கூம்பையும் மாற்றிவிடலாம், அதனால் அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். குழிவு வெட்டுதான் முக்கியம்.

---

நிலவன் பதில்:

ஐயா சொன்னதோடு ஒரு அமெரிக்க உதாரணம் சேர்க்கிறேன், ஏனென்றால் இதே மாதிரிக் கதை அங்கே இன்னும் பெரிதாக ஓடுகிறது. 'டாங்கர் கேரண்ட்' என்று குட்டைக் குழலோடு அமெரிக்கப் படையின் எம்1 ரைஃபிள்கள் வரும். டாங்கிக்குள் இருக்கும் வீரர்களுக்குக் கொடுத்தது என்று சொல்லி விற்பார்கள். டாங்கி வீரர்களுக்கு அப்படி ஒன்று வழங்கப்படவே இல்லை.

நடந்தது இதுதான். 1944-ல் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் 18 அங்குலக் குழலும் மடக்குக் கட்டையும் வைத்து எம்1இ5 என்று ஒரு சோதனை மாதிரி செய்தார்கள். சாதாரண எம்1 குழல் 24 அங்குலம். 1945-ல் பசிபிக் போர்முனையிலிருந்து குட்டை ரைஃபிள் வேண்டும் என்று கேட்க, டி26 என்ற பெயரில் 15,000 செய்யத் தீர்மானித்தார்கள். ஜப்பான் சரணடைந்ததும் அதை ரத்து செய்துவிட்டார்கள். 'டாங்கர்' என்பது போருக்குப் பிறகு வியாபாரிகள் வைத்த பெயர்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. பழைய இரும்பாகக் கழிப்பதற்காக ராணுவம் கேஸ் தீச்சுடர் வைத்து வெட்டிப்போட்ட ரிசீவர்களின், அதாவது துப்பாக்கி உடம்புகளின், முன்பாதியையும் பின்பாதியையும் வாங்கி, வெல்டிங் வைத்து ஒட்டி விற்றவர்கள் இருந்தார்கள். ஒட்டிய இடத்தில் உலோகத்தின் பதம் போயிருக்கலாம். சுடும்போது முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது அந்த ஒட்டுதான். ரிசீவரின் உட்பக்கத் தடத்தில் விரலை ஓட்டினால் சில சமயம் மேடு தட்டுப்படும், நிறமும் அந்த இடத்தில் மாறியிருக்கும். எம்1 குழலின் வலது பக்கம், ஆபரேட்டிங் ராடை (பக்கவாட்டில் ஓடும் இயக்குத் தண்டை) பின்னுக்கு இழுத்தால், செய்த இடமும் மாதமும் வருடமும் தெரியும். அது 1950-களைக் காட்டிக்கொண்டிருக்க, விற்பவர் பசிபிக் போர் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

---

இளவேனில் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கம்மியர் ஐயா, நீங்கள் சொன்னபடியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது துப்பாக்கியின் மேகசின் மருதன் கேட்டதுபோலப் பெட்டியாகச் சதுரமாகத்தான் இருக்கிறது. டார்ச்சைப் படுக்க வைத்து அடித்ததும் சிங்க முத்திரைக்குக் கீழே ஆர்எஃப்ஐ (ரைஃபிள் ஃபாக்டரி இஷாப்பூர்) என்று தெரிந்தது, அதற்கும் கீழே 2ஏ1, 1967. விற்பவரும் பக்கத்திலேயே நின்று பார்த்தார். "அது பின்னால் அடித்தது" என்றார். திருத்தத்துக்கான முத்திரை எங்கே என்று கேட்டதற்குக் கடிதத்தைத் திரும்பவும் நீட்டினார். கடிதத்தில் எண் இல்லை, துப்பாக்கியின் படமும் இல்லை. கூம்பின் அடியில் சின்னத் திருகாணி ஒன்று இருக்கிறது.

முதல் துப்பாக்கியின் மேல்மரத்தைக் கழற்ற அவரே உதவினார். தடித்த பகுதியில் குழிவாக வெட்டியிருக்கிறது. வெட்டின் உள்ளே இயந்திரத் தடம் வரிவரியாகத் தெரிகிறது, அதன் மேலேயே பழைய கறுப்பு. இடது சுவரும் கடைந்திருக்கிறது. சைட் 800 வரை. எழுத்து ஆர்ஓஎஃப் (எஃப்), தேதி 3/45. கூம்பில் ஊசிகள்தான், ஒன்றின் தலை துருவோடு உடம்பில் ஒட்டியே போய்விட்டது.

அப்படியென்றால் இது நிஜம்தானே? போல்ட் எண் மட்டும் ஏன் ஒட்டவில்லை? அந்த இரண்டாவதை வாங்கினால் எந்தப் பெயரில் வாங்குவது?

---

கம்மியர் பதில்:

நிஜம்தான் தம்பி. நீங்கள் அந்த வெட்டுக்குள் இருக்கும் தடத்தையும், அதன் மேல் கறுப்பு இருப்பதையும் கவனித்து எழுதியது எனக்கு ரொம்ப சந்தோஷம். வெட்டு முதலில், பூச்சு பிறகு, துரு அதற்கும் பிறகு. இந்த வரிசை சரியாக இருந்தால் வேறு எதைப் பற்றியும் பதற வேண்டாம்.

போல்ட் எண் ஒட்டாதது ஒரு குறைதான். படையிலேயே பழுது பார்க்கும்போது மாறியிருக்கலாம், உபரியாக விற்றபோது போல்ட்டுகளைத் தனியாகக் குவித்துவிட்டுப் பிறகு கைக்கு வந்ததை மாட்டியிருக்கலாம். இரண்டும் சாதாரணமாக நடப்பவை. தயவுசெய்து யாரையும் பிடித்துப் போல்ட்டில் எண்ணை மாற்றி அடிக்க வைக்காதீர்கள். நிஜத் துப்பாக்கியின் மேல் அப்படி ஒரு பொய் எண் ஏறிவிட்டால், அடுத்து வாங்குகிறவர் எழுத்து, வெட்டு, தேதி எல்லாவற்றையுமே சந்தேகிப்பார். சுடும் எண்ணம் இருந்தால் அதற்கு முன் ஹெட்ஸ்பேஸ் (போல்ட் தலைக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) சரியாக இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இந்த வரிசையில் போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை நான்கு அளவில் வரும், போல்ட் மாறியிருப்பதால் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

ரப்பரைக் கழற்றிப் புதியது போடாதீர்கள். மரத்துக்கு மெருகு வேண்டாம். அந்த மின்சாரப் பேனா எழுத்து ஆழமே இல்லாதது, எஃகுப் பஞ்சு வைத்து ஒருமுறை அழுத்தித் தேய்த்தால் போய்விடும். மெல்லிய எண்ணெயும் பழைய பருத்தித் துணியும் போதும்.

இரண்டாவதை 'இஷாப்பூர் 2ஏ1, 1967, படையை விட்டு வெளியே வந்தபின் குட்டையாக்கியது' என்ற பெயரில் வாங்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள். ரசீதில் அந்த வார்த்தைகள் இருக்க வேண்டும், கடிதம் அதோடு வரக் கூடாது. 1962 சீனப் போருக்குப் பிறகு, 7.62-க்கென்றே நல்ல இரும்பில் இந்தியா செய்த ரைஃபிள் அது. அந்தக் கதைக்கே மதிப்பு உண்டு. முழு நீளத்தோடு விட்டிருந்தால் இன்று நான் அதைக் கண்ணாடிப் பேழையில் வைக்கச் சொல்லியிருப்பேன். எனக்குக் கோபம் வருவது இதனால்தான். ஒவ்வொரு பொய் 'அரிய மாதிரி'க்கும் பின்னால் வெட்டுப்பட்ட ஒரு நல்ல ரைஃபிள் இருக்கிறது. ஒரு காலத்தில் மலிவாகக் குவிந்து கிடந்ததால் வெட்டினார்கள் என்பது புரிகிறது, இன்றைக்கும் அதைச் செய்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

விற்பவரைச் சண்டைக்கு இழுக்க வேண்டாம். மேல்மரம் கழற்ற உதவியிருக்கிறார், அவருக்கே இந்தக் கதையை யாராவது தலையில் கட்டியிருக்கலாம். 1967 தெரிகிற படத்தையும் கூம்புத் திருகாணியின் படத்தையும் அவருக்கு அனுப்பி, விற்பனைக் குறிப்பில் 'நம்பர் 7' என்பதையும் 'கமாண்டோ' என்பதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுத்துவிட்டார் என்றால் அந்த நம்பர் 5-ஐ அவரிடமே தாராளமாக வாங்கலாம். நம்பர் 5-இன் இடது பக்கத்தையும், மேல்மரம் கழற்றிய நிலையையும் படம் எடுத்து இங்கே போடுங்கள், அடுத்து கேட்டு வருகிறவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.